உயிரணுவுக்குள் ஒரு விளக்கு

நம் உடம்பிலுள்ள கண்ணும் கல்லீரலும் தோலும் நரம்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே வேலையைச் செய்வதுமில்லை. ஆயினும் இவை யாவும் ஒரே ஒரு கருவணுவிலிருந்து பெருகியவை. அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகியபோது ஒவ்வோர் உயிரணுவும் ஏறத்தாழ ஒரே மரபுச் செய்தியைத்தான் பெற்றுக்கொண்டது. கல்லீரல் அணுவில் கண்ணுக்குரிய செய்தியும் உண்டு. கண்ணின் அணுவில் கல்லீரலுக்குரிய செய்தியும் உண்டு. அப்படியிருக்க, கல்லீரல் அணு பெருகும்போது மீண்டும் கல்லீரல் அணுவே தோன்றுவது எங்ஙனம்? தனக்கு வேண்டாத பகுதிகளைப் படிக்காமல் விடவேண்டும் என்பதை அது எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது?

இவ்வினாவை ஆராயும் துறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்று பெயர். அத்துறையில் பெரிதும் பயன்பட்டுவரும் ஒரு கருவியைப்பற்றி மாணவ மாணவியராகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன். ஒளிவிடும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருள் என்பது அக்கருவி. அது காட்டும் ஒளியை எப்படிப் படிப்பது என்பது பாதி. ஒளி தோன்றாதபோது அந்த இருளை எப்படிப் படிப்பது என்பது மறு பாதி. இரண்டாம் பாதியே கடினமானது.

முதலில், உயிரணுவின் நினைவு எதில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழையில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என நான்கே எழுத்துகள் உள்ளன. மனிதனின் ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும் இடங்கள் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். இவ்விடங்களில் பெரும்பாலானவற்றில், சைட்டோசினின்மேல் மெத்தில் என்னும் சிறு தொகுதி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்ததே அது.

இவ்வளவு சிறிய பொருள் என்ன செய்துவிடும் என்று எண்ணவேண்டா. நம் தமிழ் எழுத்திலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ‘க’ என்னும் எழுத்தின்மேல் ஒரு புள்ளி வைத்தால் அது ‘க்’ ஆகிறது. எழுத்தின் வடிவம் மாறவில்லை. அதனுள் ஒலித்த அகரம் அடங்கிவிட்டது. மெத்தில் தொகுதியும் இத்தகைய புள்ளியே. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்புள்ளிகள் மிகுந்திருந்தால், பொதுவாக அந்த மரபணு ஒலி அடங்கிவிடும். எழுத்து அழிவதில்லை, படிக்கப்படாமல் நிற்கிறது.

கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யில் மெத்தில் ஏறிய சைட்டோசின் இருப்பதை ராலின் ஹாட்ச்கிஸ் என்பவர் 1948-ஆம் ஆண்டிலேயே குறித்தார். அது எதற்காக இருக்கிறது என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1975-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஹாலிடே, பியூ என்னும் இருவரும், அமெரிக்காவில் ஆர்தர் ரிக்ஸ் என்பவரும், ஒருவரை ஒருவர் சாராமல் ஒரே கருத்தை வெளியிட்டனர். இப்புள்ளிகள் தாயணுவிலிருந்து சேயணுவுக்குப் படியெடுக்கப்படலாம் என்பதே அக்கருத்து.

அது நிகழும் முறை அழகானது. ஓர் இழையில் சைட்டோசின்–குவானைன் என்று வருமிடத்தில், எதிர் இழையை அதன் திசையில் படித்தால் அங்கும் சைட்டோசின்–குவானைன் என்றே வரும். ஆகவே இரண்டு இழைகளிலும் நேருக்குநேர் புள்ளி இருக்க இடமுண்டு. அணு பிரியுமுன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, அப்போது பழைய இழையில் புள்ளி இருக்கும், புதிய இழையில் இராது. பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமலே எழுதும் வழக்கம் பெரிதும் இருந்தது என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். அவ்வாறு ஒருவர் புள்ளியின்றி ஏட்டைப் படியெடுத்துக்கொண்டு செல்ல, அவர் பின்னாலேயே மற்றொருவர் மூல ஏட்டைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறார் என்று கொள்ளுங்கள். உயிரணுவில் அந்தப் பின்வருபவர் ஒரு நொதி. அதன் பெயர் டி.என்.எம்.டி.1.

இந்நொதிக்குரிய மரபணுவை எலியிலிருந்து பிரித்தெடுத்து 1988-இல் பெஸ்டர், இங்கிராம் முதலியோர் வெளியிட்டனர். 1992-இல் லீ, பெஸ்டர், யேனிஷ் ஆகிய மூவரும் எலிகளில் அம்மரபணுவைக் கெடுத்துப் பார்த்தனர். இரு பிரதியும் கெட்ட கருக்கள் பிறக்கும் நிலைக்கு வரவில்லை. வளர்ச்சியின் நடுவிலேயே மடிந்தன. புள்ளி வைப்பவர் இல்லாவிட்டால் உயிரே நிலைக்காது என்பது இதனால் தெளிவாயிற்று. புதிய இடங்களில் முதன்முதலாகப் புள்ளி வைக்கும் டி.என்.எம்.டி.3ஏ, டி.என்.எம்.டி.3பி என்னும் வேறு இரு நொதிகளும் 1998-இல் அறியப்பட்டன.

நொதி உண்டு என்று அறிந்தாயிற்று. அஃது உயிரணுவில் எங்கே இருக்கிறது? எப்போது வருகிறது? இதனைக் கண்ணால் காண முடியுமா? உயிரணுவைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் நிறமற்ற கூழ்போலவே தோன்றும். அதனுள் பல்லாயிரம் வகைப் புரதங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி அழைத்து, விளக்கைத் தூக்கிக் காட்டச் செய்யவேண்டும்.

பெயர் சொல்லி அழைக்கவல்லது எதிர்ப்பொருள். உடம்பினுள் அயற்பொருள் புகுந்தால், அதன் வடிவத்துக்கு ஏற்பப் பொருந்தும் புரதங்களை உடம்பு உண்டாக்குகிறது, இவையே எதிர்ப்பொருள்கள். ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற உருவம். இரு கைகளின் நுனியிலும் பற்றும் இடம். ஒன்றன் அளவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு லட்சம் எதிர்ப்பொருள்களை வரிசையாக நிறுத்தலாம். நாம் தேடும் நொதியின் ஒரு பகுதியை முயலுக்கு ஊசிமூலம் செலுத்தினால், முயலின் இரத்தத்தில் அந்நொதியைப் பற்றும் எதிர்ப்பொருள் தோன்றும். அதைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவர்.

விளக்காக அமைவது ஒளிர்சாயம். சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கி, அதனினும் அலைநீளம் மிகுந்த வேறு நிற ஒளியை வெளியிடும். குயினைன் கரைசல், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை ஏற்று நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்த ஸ்டோக்ஸ் 1852-இல் இதனை விளக்கினார். ஃபுளோரசீன் என்னும் சாயத்தை 1871-இல் பேயர் ஆக்கினார். அது 490 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை வாங்கி, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விடுகிறது.

அழைப்பவரையும் விளக்கையும் ஒன்றாக இணைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ். மூட்டுவாதக் காய்ச்சல் என்னும் நோயில் கிருமியின் கூறு உடம்பின் எந்த இடத்தில் தங்குகிறது என்று காண விரும்பினார் அவர். அதற்கு எதிர்ப்பொருளுக்கே சாயம் பூட்டினால் என்ன என்ற எண்ணம் 1939-இல் பெர்லினில் இருந்தபோது அவருக்குத் தோன்றியது. 1941-இல் ஹார்வர்டில் தம் துணைவர்களுடன் ஆந்த்ரசீன் வகைச் சாயத்தை எதிர்ப்பொருளில் ஏற்றி, நிமோனியாக் கிருமிகளை நீலமாக ஒளிரச் செய்தார். ஆனால் ஒரு தடை ஏற்பட்டது. உடம்பின் திசுக்களும் புற ஊதாக் கதிர் பட்டால் இயல்பாகவே நீலமாக ஒளிர்வன. நீலத்தில் நீலத்தைத் தேடுவது எப்படி? ஆகவே பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீனுக்கு மாறினார். 1942-இல் வெற்றி கண்டார். அச்சாயத்தை எதிர்ப்பொருளில் ஒட்டும் வடிவில் ஆக்குவதற்குப் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைக் கையாள வேண்டியிருந்தது. அந்த இன்னல் இல்லாத ஐசோதயோசயனேட் வகை ஃபுளோரசீனைக் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 1958-இல் வெளியிட்டனர். அதன்பின் இம்முறை எங்கும் பரவியது.

இனி, ஆய்வுக்கூடத்தில் நடப்பதைக் காண்போம். கண்ணாடித் தகட்டில் வளர்ந்த உயிரணுக்களை ஃபார்மால்டிஹைடில் நனைத்து, உள்ளிருக்கும் புரதங்கள் நகராமல் நிலைநிறுத்துவர். பின்பு சவர்க்காரம் போன்ற ஒரு நீர்மத்தால் அணுவின் சவ்வில் நுண்துளைகள் செய்வர். இல்லையேல் எதிர்ப்பொருள் உள்ளே நுழையாது. கண்ட இடத்தில் அது ஒட்டிக்கொள்ளாதபடி, தொடர்பற்ற புரதக் கரைசலால் அந்த இடங்களை முன்னரே மூடுவர். அதன்பின் முயலின் எதிர்ப்பொருளை இட்டு, ஒட்டாமல் நின்றதைக் கழுவி நீக்குவர். அடுத்து, முயலின் எதிர்ப்பொருளையே பற்றக்கூடிய, ஆட்டிலிருந்து எடுத்த இரண்டாம் எதிர்ப்பொருளை இடுவர். சாயம் இருப்பது இந்த இரண்டாவதன்மேல்தான். ஒரு முயல் எதிர்ப்பொருளின்மேல் பல ஆட்டு எதிர்ப்பொருள்கள் ஏறுவதால் ஒளி பெருகும். மீண்டும் கழுவி, நீல ஒளியைப் பாய்ச்சி, வடிகட்டிக் கண்ணாடி வழியே பார்த்தால், கருமையான வெளியில் பச்சைப் புள்ளிகள் விண்மீன்கள் போலத் தெரியும்.

இம்முறையால் கிடைத்த பயன் பெரிது. 1992-இல் லெயோன்ஹார்ட், பெஸ்டர் முதலியோர் எலியின் உயிரணுக்களில் டி.என்.எம்.டி.1 எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தனர். அணு டி.என்.ஏ.யைப் படியெடுக்காத காலத்தில் நொதி உட்கரு முழுவதும் பரந்து கிடந்தது. படியெடுக்கும் காலம் வந்ததும், படியெடுப்பு நடக்கும் இடங்களிலேயே சிறுசிறு கூட்டமாகத் திரண்டு நின்றது. எழுதுபவரின் பின்னாலேயே புள்ளி வைப்பவரும் நிற்பார் என்று 1975-இல் அறிவால் கருதியதற்கு, 17 ஆண்டுகளுக்குப் பின்னர்க் கண்ணே சான்று கூறிற்று.

இதுவரை ஒளி சொன்ன செய்தி. இனி இருள் சொன்ன செய்திக்கு வருவோம்.

பல ஆண்டுகள் பள்ளியில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டவன் நான். ஒரு மாணவன் பெயரைச் சொல்லி விடை வராவிட்டால், அவன் வரவில்லை என்று உடனே குறித்துவிடலாகாது. அவன் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருக்கலாம். மெல்ல விடை சொல்லியிருக்கலாம். ஊரில் அவனை வேறு பெயரால் அழைத்துப் பழகியிருக்கலாம். விடை வந்துவிட்டால் மட்டும் போதுமா? பக்கத்திலிருப்பவன் அவனுக்காகக் குரல் கொடுப்பதும் உண்டு. எதிர்ப்பொருளும் பெயர் கூப்பிடும் கருவியே. ஆகவே இந்த இடர்கள் எல்லாம் அதற்கும் உண்டு.

எலியின் முட்டையில் டி.என்.எம்.டி.1 ஒரு தனி வடிவில் இருக்கிறது. உடலணுக்களில் உள்ள நொதியின் முதற்பகுதியான 118 அமினோ அமிலங்கள் இவ்வடிவில் இல்லை. கரு பிளவுபட்டுப் பெருகும் தொடக்க நாள்களில் இந்த முட்டை வடிவம் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே தங்குகிறது. எட்டு அணுப் பருவத்தில் மட்டும் உட்கருவினுள் புகுகிறது என்று ஒளிர் எதிர்ப்பொருள் காட்டியது. உடலணு வடிவமோ அந்நாள்களில் கண்ணில் படவில்லை. எனவே அஃது அப்போது இல்லை என்று கொள்ளப்பட்டது. ஆனால் இங்கு ஒரு புதிர் எழுந்தது. தாய்வழி, தந்தைவழி என்று முத்திரை பெற்ற சில மரபணுக்களின் புள்ளிகள் அந்நாள்கள் முழுவதும் கெடாமல் காக்கப்படுகின்றன. முட்டை வடிவம் உட்கருவில் இருப்பது ஒரே ஒரு பருவத்தில் என்றால், ஏனைய பிளவுகளில் புள்ளி வைத்தவர் யார்?

2001-ஆம் ஆண்டளவில் தெளிவாக எழுந்த இக்கேள்விக்கு 2008-இல் விடை கிடைத்தது. வெவ்வேறு ஆய்வுக்குழுவினர் மேலும் நுட்பமாகத் தேடி, உடலணு வடிவமே சிறிதளவில் அக்கருக்களில் இருப்பதைக் கண்டனர். மரபணுவை நீக்கிப் பார்த்த சோதனையும், புள்ளிகளைக் காப்பது அதுவே என்று உறுதி செய்தது. மாணவன் வகுப்பில்தான் இருந்தான். அவன் குரல் மெலிந்திருந்தது.

மற்றொரு வரலாறும் கேளுங்கள். கருவுற்ற எலி முட்டையில், தாய்வழி உட்கருவும் தந்தைவழி உட்கருவும் சில மணி நேரம் தனித்தனியே நிற்கும். மெத்தில் ஏறிய சைட்டோசினைப் பற்றும் எதிர்ப்பொருளை இட்டுப் பார்த்தபோது, தாய்வழி உட்கரு ஒளிர்ந்தது. தந்தைவழி உட்கரு சில மணி நேரத்தில் இருண்டுபோயிற்று. 2000-ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. தந்தை தந்த புள்ளிகள் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன என்பது அதற்குக் கூறப்பட்ட பொருள்.

2009-இல் தஹிலியானி, அஞ்சனா ராவ் முதலியோர் டெட்1 என்னும் நொதியின் செயலை வெளியிட்டனர். அது மெத்தில் தொகுதியோடு ஓர் ஆக்ஸிஜனைச் சேர்த்து, ஹைட்ராக்சிமெத்தில் என்னும் வேறொரு குறியாக மாற்றுகிறது. உடனே பலருக்கும் ஐயம் எழுந்தது. புதிய குறியைப் பற்றும் வேறோர் எதிர்ப்பொருளைக் கொண்டு முட்டையை மீண்டும் பார்த்தனர். 2011-இல் வெளிவந்த ஆய்வுகள், இருண்டது என்று கருதிய தந்தைவழி உட்கருவே புதிய எதிர்ப்பொருளால் ஒளிர்வதைக் காட்டின. அங்குப் பணியாற்றியது டெட்3 என்னும் நொதி. அப்புள்ளிகளில் மிகப் பல, சிறு வட்டங்களாக மாற்றி எழுதப்பட்டிருந்தன. புள்ளியை மட்டும் அறிந்த எதிர்ப்பொருள் வட்டத்தை அறியாமல் கடந்து சென்றது.

இந்த இரு வரலாற்றிலும் எதிர்ப்பொருள் பொய் சொல்லவில்லை. கேட்ட வினாவுக்கு அது விடை தந்தது. ‘என் கைக்குப் பொருந்துவது, என் கைக்கு எட்டும் இடத்தில், போதிய அளவில் இருக்கிறதா?’ என்பதே அவ்வினா. மனிதரோ அவ்விடையை வேறொரு வினாவுக்கு உரியதாகக் கொண்டனர்.

கைக்கு எட்டாமையும் இருளுக்கு ஒரு காரணம் என்றேன். மெத்தில் ஏறிய சைட்டோசின் இரட்டை இழையின் உட்புறம் பொதிந்திருக்கிறது. எதிர்ப்பொருள் அதனைப் பற்றவேண்டுமானால், முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இழைகளைப் பிரிக்கவேண்டும். அமிலம் போதாவிட்டால், புள்ளிகள் நிறைந்த உட்கருவும் வெறுமையாகத் தோன்றும். அவ்வாறே ஒரு நொதியைப் பிற புரதங்கள் சூழ்ந்து மறைத்திருந்தாலும் எதிர்ப்பொருள் அதனை அடையாது.

இனி, ஒளியும் ஏமாற்றும் என்றேனல்லவா? அதனால்தான் நல்ல ஆய்வாளர் ஒரே படத்தோடு நின்றுவிடுவதில்லை. முதலாவதாக, நொதியின் மரபணுவையே நீக்கிய உயிரணுக்களுக்கும் அதே எதிர்ப்பொருளை இடுவர். அங்கும் பச்சை ஒளி வந்தால் எதிர்ப்பொருள் வேறு எதையோ பற்றுகிறது என்று பொருள். இரண்டாவதாக, முயல் எதிர்ப்பொருளை இடாமல் ஆட்டு எதிர்ப்பொருளை மட்டும் இட்டுப் பார்ப்பர், ஒளி வரலாகாது. மூன்றாவதாக, அதே நொதியின் வேறொரு பகுதியைப் பற்றும் இன்னோர் எதிர்ப்பொருளைக் கொண்டு சரிபார்ப்பர். நான்காவதாக, நிச்சயமாக நொதி நிறைந்த அணு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, சோதனை வேலை செய்கிறதா என்று காண்பர். இருளை நம்புவதற்கு இந்த நான்காவது மிகவும் இன்றியமையாதது.

ஒரு முயலின் எதிர்ப்பொருள் மற்றொரு முயலினுடையதைப் போல் இராது என்பதும் ஒரு தொல்லை. 1975-இல் கோலர், மில்ஸ்டீன் ஆகியோர் ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது தரும் உயிரணுக்களை உண்டாக்கி இதற்கு வழி கண்டனர். 1984-இல் நோபெல் பரிசும் பெற்றனர். ஆயினும் பொருள் சீராக இருந்தால் மட்டும் போதாது; சோதித்துப் பார்க்கும் மனமும் வேண்டும்.

இவை ஆய்வுக்கூடத்தின் நுணுக்கங்கள் தாமே, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். டெசிட்டபீன் என்று ஒரு மருந்து உண்டு. எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் சரிவர உருவாகாத ஒருவகை நோயில் அது வழங்கப்படுகிறது. அது டி.என்.ஏ.யில் சைட்டோசின் போல் வேடமிட்டு அமர்ந்து, புள்ளி வைக்க வரும் நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இத்தகைய மருந்தைச் சோதிக்கும் ஒருவர், நொதி அழிந்ததா, பிடிபட்டு மறைந்து நிற்கிறதா என்று பிரித்தறியவேண்டும். இருளை மட்டும் பார்த்து ‘அழிந்தது’ என்று எழுதிவிட்டால், அந்த எழுத்தை நம்பி மருந்தின் அளவை முடிவு செய்பவரும் பிழைபடுவார். அதன் பயனை நோயாளி அனுபவிப்பார்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய நுண்ணோக்கியின் முன் அமர்வீர்கள். கருமையில் பச்சைப் புள்ளிகள் தோன்றும்போது உள்ளம் மகிழும், மகிழுங்கள். ஒன்றும் தோன்றாதபோது, ‘இங்கு ஒன்றும் இல்லை’ என்று எழுதுமுன் ‘நான் கேட்டது எந்தப் பெயரை? கேட்கும்படி கூப்பிட்டேனா? இருந்திருந்தால் விடை வந்திருக்குமா?’ என்று மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் ‘இல்லை’ என்று எழுதினால், அந்தச் சொல்லுக்கு ‘உண்டு’ என்ற சொல்லுக்குள்ள மதிப்பு முழுவதும் உண்டு.